ஜூலிக்குப் பசித்தது

சோறு போடாமல் நாயைக் கொன்றவள் என்று எங்கள் வீதியில் எனக்குப் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போது காதில் விழும். "சோறு போடறேன், கறி போடறேன்னு சொல்றா. நாயைப் பாத்தீங்களா, வெலா எலும்பை எண்ணலாம்." அதற்கு இன்னொருத்தி, "வேலைக்குப் போறவளுக்கு எதுக்குங்க நாயி?"

இப்போது சொல்கிறேன், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாய் தின்ற அளவுக்கு என் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து தின்றதில்லை. விடிந்ததும் கோழிக் கழுத்தும் காலும் மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து, சோற்றோடு பிசைந்து ஒரு குண்டான். பொழுதோட கம்பெனி விட்டு வந்ததும் இன்னொரு குண்டான். நடுவில் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வைக்கிற தயிர்ச்சோறு. வட்டில் காலியாகும். காலியான வட்டிலை நக்கி நக்கி வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டே போகும். பிறகு என் முகத்தைப் பார்க்கும். பசிக்கிறது என்று பார்க்கும். வயிறு முட்டத் தின்ற நாய் பசியோடு பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம்? எட்டாவதோடு நின்று ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவள் நான், எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

ஜூலி பெட்டை. ஜெர்மன் ஷெப்பர்டு. 2023 தீபாவளி போனஸில் வாங்கியது. திருப்பூரில் போனஸ் என்றால் என்ன என்று பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களிடம் கேளுங்கள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாங்கும் சம்பளம் ஞாயிற்றுக்கிழமை சந்தையோடு தீர்ந்துவிடும். வருசத்தில் மொத்தமாகக் கையில் நிற்கிற காசு அது ஒன்றுதான். அதில் பீரோ வாங்குவார்கள், வண்டிக்கு முன்பணம் கட்டுவார்கள். நாங்கள் நாய் வாங்கினோம். என் வீட்டுக்காரருக்கு நிட்டிங்கில் நைட் ஷிப்ட். மங்கலம் ரோட்டுக்கு உள்ளே எங்கள் வீதியில் கடைசி வீடு எங்களுடையது, அதற்கு அந்தப்பக்கம் வெறும் காடு. வயதுக்கு வந்த மகளோடு தனியாகப் படுக்கிறவளுக்கு எதுக்கு நாய் என்று கேட்கிறவர்கள் ஒரு ராத்திரி வந்து அங்கே படுத்துப் பார்க்கட்டும்.

விற்றவன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவன் ஒருத்தன்தான் திருடன் என்று ஆகிவிடும். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. உள்ளே கூண்டு கூண்டாக நாய்கள். ஒரு குட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "ஒரிஜினல் லைனுங்க்கா. அம்பது நாள் ஆச்சு. ஊசி போட்டாச்சு" என்று ஒரு அட்டையையும் கொடுத்தான். அட்டையில் ஸ்டிக்கர் இருந்தது, டாக்டர் கையெழுத்து இல்லை, சீல் இல்லை. குட்டியை முதல் முறை காட்டிய இடத்தில் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "கடைவாய்ப் பல்லே இன்னும் வரலையேம்மா, இது ஒரு மாசக் குட்டி" என்றார்கள். ஒரு மாதக் குட்டி! தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்க வேண்டியது. பிடுங்கி விற்றிருக்கிறான்.

பிற்பாடு என் மகள் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் என்று மத்திய அரசு 2017-லேயே விதி போட்டிருக்கிறது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதியாமல் யாரும் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தகரக் கொட்டகைக்குள் ஒருநாளாவது யாராவது நுழைந்து பார்த்தார்களா? யார் பார்க்க வேண்டும்? எந்த ஆபீஸ்? எத்தனையாவது மேசை?

அது தனி வயிற்றெரிச்சல். குட்டி பிழைத்தது, வளர்ந்தது, காது நிமிர்ந்தது. ஒரு வயதை நெருங்கும்போதுதான் வினை ஆரம்பித்தது.

மலத்தைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்காதீர்கள். இதில் ஆரம்பத்திலிருந்து உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான், அதைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை. குவியல் குவியலாகப் போகும். தின்றதைவிட அதிகமாகப் போகிறதோ என்று தோன்றும். பழுப்பாக இருக்காது, வெளுத்த மஞ்சளாக இருக்கும். மேலே நெய் தடவினாற்போல ஒரு மினுக்கம். உடைத்துப் பார்த்தால் சோற்றுப் பருக்கை பருக்கையாகவே கிடக்கும். நாற்றம் வீதி முனை வரைக்கும் போகும். நாலரை மணிக்கு எழுந்து வாளித் தண்ணீரும் பினாயிலுமாக நான் கழுவிவிட்டால்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கோலம் போட முடியும். ராத்திரியில் அதன் வயிறு கடமுடவென்று உருளுவது உள்ளறையில் படுத்திருக்கிற எனக்குக் கேட்கும். முடி கொட்டியது. தோல் எலும்போடு ஒட்டியது. தான் போட்டதைத் தானே தின்றது. நான் கம்பெனியிலிருந்து வந்தால் புடவையில் ஒட்டியிருக்கிற நூல் பிசிறை நக்கி விழுங்கும். வாசலில் வண்டி துடைக்கப் போட்டிருந்த பனியன் வேஸ்ட்டைத் தின்றுவிட்டு, பின்பக்கம் நூல் தொங்கத் தொங்க நின்றது ஒருநாள். என் மகள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. காட்டாத இடமில்லை. "பூச்சிம்மா" என்றார் ஒருவர், பூச்சி மாத்திரை. "கோழி சேரலை, நிறுத்துங்க" என்றார் இன்னொருவர், நிறுத்தினோம். "வெயில் சூடு." "லிவர் வீக்." டானிக். குளுக்கோஸ். திரும்பத் திரும்ப மெட்ரோனிடசோல். அந்த மாத்திரை கொடுக்கிற நாட்களில் கொஞ்சம் கட்டும், நிறுத்தினால் பழையபடி போகும். மறுபடி போனால் மறுபடி அதே மாத்திரை. எத்தனை சனிக்கிழமைச் சம்பளம் அந்தக் கவுண்டர்களில் போனது! ஒருவராவது, மலத்தைக் கொண்டு வாம்மா, பார்க்கலாம் என்று சொன்னார்களா? பூச்சி என்று மாத்திரை எழுதினவர், பூச்சி இருக்கிறதா என்று ஒரு கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தாரா? இவ்வளவு தின்கிற நாய் ஏன் இளைக்கிறது என்ற கேள்வி ஒருவருக்காவது தோன்றியதா? நான் சொன்னேனே, நல்லா சாப்பிடுதுங்க சார், நல்லா சாப்பிடுதுங்க சார் என்று. என் புடவையைப் பார்த்தார்கள், நாயின் எலும்பைப் பார்த்தார்கள். இவள் எங்கே போட்டிருக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். குழாயடியில் பேசினவர்களுக்கும் படித்து வெள்ளைக் கோட்டு போட்டவர்களுக்கும் அந்த இடத்தில் என்ன வித்தியாசம்?

எல்லாரையும் சேர்த்துத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். காங்கேயம் மாடும் வெள்ளக்கோயில் ஆடும் வளர்கிற மாவட்டம் இது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் காலையில் எத்தனை மாட்டைப் பார்க்கிறார் என்று எனக்கும் தெரியும். உடுமலையில் பண்ணைக்கிணறில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. எங்கள் மாவட்டம்தான். ஆனால் அந்த நாயைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்வர ஒரு வண்டி வாடகை, இரண்டு பேர் சம்பளம் போக வேண்டும். அங்கே போக வேண்டிய நோய் இது என்று யாராவது சொல்லியிருந்தால் தாலியை வைத்தாவது போயிருப்போம். சொல்லவே இல்லையே.

கண்டுபிடித்தது ஒரு சின்னப் பெண். படிப்பு முடித்து வந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். நாயைத் தொடும் முன்னாலேயே கேட்டது: "அக்கா, பசி எப்படி இருக்கு? மோஷன் என்ன கலர்?" நான் சொல்லச் சொல்ல அது எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. "இது ஷெப்பர்டு இல்லையா அக்கா. ஒரே ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணும். நாளைக்குச் சாப்பாடு வைக்காம கூட்டிட்டு வாங்க." டி.எல்.ஐ. என்கிற டெஸ்ட். எல்லா லேபிலும் பார்க்க மாட்டார்களாம், வெளியூருக்கு அனுப்பினார்கள். 2.5-க்குக் கீழே இருந்தால் நோய் உறுதி என்றது. ஜூலிக்கு அதற்கும் வெகுவாகக் கீழே.

எக்ஸோகிரைன் பேன்கிரியாட்டிக் இன்சஃபிஷியன்சி. அந்தப் பெயரை என் மகள் தன் ஸ்கூல் நோட்டில் எழுதிப் படித்தாள். கணையம் என்று ஒரு உறுப்பு, இரைப்பைக்குப் பக்கத்தில். தின்றதைச் செரிக்க வைக்கிற நொதிகளை அதுதான் சுரக்க வேண்டும். ஜூலிக்கு அதைச் சுரக்கிற செல்கள் அழிந்துகொண்டே வந்திருக்கின்றன. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு போன பிறகுதான் வெளியே தெரியுமாம். மாவு, கொழுப்பு, புரதம் எதுவும் உடையாமல் குடலைக் கடந்து அப்படியே வெளியே போய்விடும். உடம்புக்கு ஒட்டாது. அதனால்தான் அந்த மினுக்கம். அதனால்தான் பருக்கை பருக்கையாகச் சோறு. அதனால்தான் பசி. செரிக்காத சோறு கிடக்கிற குடலில் கிருமி பெருகும், மெட்ரோனிடசோல் அதைக் கொஞ்சம் அடக்கும். மாத்திரை கொடுத்தபோது கட்டியதற்குக் காரணம் அவ்வளவுதான். பி12 சத்தும் ஏறாது, ஊசியாகப் போட வேண்டும்.

கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்படியென்றால் இத்தனை நாளும் ஜூலி என் கையால் வயிறு நிறையத் தின்றுகொண்டே பட்டினி கிடந்திருக்கிறது. நான் போட்டது எதுவும் அதற்குப் போய்ச் சேரவில்லை. வீதி சொன்னதும் நான் சொன்னதும் இரண்டுமே உண்மையாகிவிட்டன. அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

அந்த நோய்க்கு மருந்து உண்டு. விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த நொதிப் பொடி, ஒவ்வொரு வேளையும் சோற்றில் கலந்து, ஆயுசுக்கும். விலை கேட்டதும் என் வீட்டுக்காரர் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அந்தப் பெண்தான் சொன்னது, "கறிக்கடையில மாட்டுக் கணையம் பச்சையா கிடைச்சாலும் போதும் அக்கா. வேகவெச்சா நொதி செத்துரும். பொடியா நறுக்கிச் சோத்துல கலந்துருங்க. ஃப்ரிட்ஜ்ல உறைய வெச்சுக்கலாம்."

கறிக்கடைக்குப் போனேன். கணையம் என்றால் கடைக்காரத் தம்பிக்குப் புரியவில்லை. "சுவரொட்டியாக்கா?" இல்லை. "கல்லீரலா?" இல்லை தம்பி. மகள் போனில் படம் காட்டினாள். குடல் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி, வெளிறிய ரோசு நிறத்தில் மடிப்பு மடிப்பான ஒரு சதையை எடுத்துக் காட்டினான். "இதா? இதைத் தூக்கிப் போட்ருவமுங்க்கா." காசு வாங்கவில்லை. தினமும் தூக்கிப் போடுகிறார்கள்! என் ஜூலி எலும்பாகிக்கொண்டிருந்த அத்தனை நாளும், நடந்தே போகிற தூரத்தில், அதன் மருந்து குப்பைக் கூடையில் கிடந்திருக்கிறது. ஒருவர், ஒரே ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால்?

மலம் கட்டியது. பழுப்பாகக் கட்டியது. என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் குனிந்து நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மிணி, இங்க வா, வந்து பாரு" என்று கத்தினார். முதுகில் சதை பிடித்தது. வட்டிலில் மிச்சம் வைத்தது. நாய் மிச்சம் வைத்ததைப் பார்த்துச் சிரித்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். வீதியில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அப்போது அந்த டாக்டர் பெண் கேட்டது: "கூடப் பிறந்த குட்டிக யார்கிட்ட இருக்குன்னு தெரியுமா? ஷெப்பர்டுல இது பரம்பரையா வர்றது. இந்த ஜோடியை மறுபடி இணை சேர்க்கவே கூடாது. கூடப் பிறந்ததுகளையும் விடக்கூடாது." அன்றைக்கு எங்களோடு நின்று குட்டி வாங்கிய ஒருவர் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். ஆண் குட்டி வாங்கியவர். "அதை ஏனுங்க்கா கேக்கறீங்க. எவ்வளவு தின்னாலும் பத்தாது, வீடெல்லாம் கழிஞ்சு வெக்கும். வெள்ளக்கோயில் பக்கம் கொண்டுபோயி விட்டுட்டனுங்க."

வெள்ளக்கோயில் பக்கம் என் அம்மா பிறந்த ஊர். வானம் பார்த்த பூமி. கொறங்காட்டில் ஆடு மேய்த்துத்தான் அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். காங்கேயம், வெள்ளக்கோயில், தாராபுரம் பக்கமெல்லாம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறிப்போட்டு, விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்து நஷ்டஈடு கேட்டதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். என் மாமன் பட்டியில் அப்படி விடிந்ததை நானே பார்த்திருக்கிறேன். சினை ஆடு வயிறு கிழிந்து கிடக்க, மாமன் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தின்னத் தின்னப் பசிக்கிற ஒரு வேட்டை உடம்பை, ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் காட்டில் இறக்கிவிட்டு வந்திருக்கிறார் இந்த மனிதர். அது என்ன தின்றிருக்கும்? எவன் ஆட்டைத் தின்றிருக்கும்? எந்தத் தடியில் செத்திருக்கும்? தெருநாய் தெருநாய் என்று ஊரே கத்துகிறதே, அந்த நாய்களில் எத்தனை ஏதோ ஒரு தகரக் கொட்டகையில் காசுக்கு விற்கப்பட்டு, நோய் வந்ததும் வண்டியிலிருந்து தள்ளிவிடப்பட்டவை என்று யாராவது கணக்கெடுத்தார்களா? ஆட்டைப் பறிகொடுத்தவனும் நானும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறோம். விற்றவன் எங்கே நிற்கிறான்?

2025 ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டான். பையர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனி ஒரு ஷிப்ட் ஆனது, அதுவும் சில நாள் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் சாப்பாட்டில் கறி நின்றது, ஜூலிக்குக் கணையம் நிற்கவில்லை. கறிக்கடைத் தம்பி எடுத்து வைத்திருப்பான்.

பிறகு அந்த ராத்திரி. பத்து மணி வரைக்கும் நன்றாக இருந்தது. அதற்குமேல் எழுந்து சுற்றிச் சுற்றி வந்தது, படுத்தது, எழுந்தது. வயிறு உப்பியது. தொட்டால் கத்தியது, ஜூலி என்னைப் பார்த்துக் கத்தியதே கிடையாது. வாந்தி எடுக்க முயன்று முயன்று நுரைதான் வந்தது. ஈறு வெளுத்துப் போனது. என் வீட்டுக்காரர் நிட்டிங்கிலிருந்து ஓடி வந்து வண்டியில் நடுவில் போட்டுக்கொண்டார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பனியன் ஏற்றுமதி ஆகிற ஊர் இது. ராத்திரி முழுக்க மிஷின் ஓடும், விளக்கு எரியும், பேக்கரியில் டீ கிடைக்கும். நாங்கள் போய்த் தட்டிய ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு போர்டில் இருந்த நம்பருக்கு அடித்தோம். "காலைல ஒன்பது மணிக்கு வாங்க" என்றது ஒரு தூக்கக் குரல். காலை ஒன்பது மணி வரைக்கும் காத்திரு என்று குடலிடம் யார் சொல்வது? அவிநாசி ரோட்டில், பாலத்துக்குக் கீழே, வண்டியை நிறுத்தினோம். என் மடியில்தான் போனது.

குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம் என்றது அந்த டாக்டர் பெண், விடிந்து போனில் சொன்னபோது. இந்த நோய் கண்ட ஷெப்பர்டுகளுக்கு அப்படி நடப்பது உண்டாம். உடனே வயிற்றைத் திறந்தால்கூடக் காப்பாற்றுவது கஷ்டம் என்றது. எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னதோ என்னவோ. அதுவும் அழுதது.

புகார் கொடுக்கப் போனேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். 2017 விதியை மகள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தாள். மேசையில் இருந்தவர் தாளின்மேல் ஒரு பார்வை பார்த்தார், என்மேல் ஒரு பார்வை பார்த்தார். "நாய்க்கா?" என்று சிரித்தார். பக்கத்து மேசைக்காரரிடமும் சொல்லிச் சிரித்தார். "ஆளுக பிரச்சினையே பாக்க நேரமில்லீங்கம்மா." அவர் மேசையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் சுகர் மாத்திரை அட்டை கிடந்தது.

ஆமாம் சார், நாய்க்குத்தான். உங்களுக்கு ஒன்று தெரியுமா? கணையத்துக்கும் சுகருக்கும் சம்பந்தம் உண்டு என்று உலகத்துக்கே எப்படித் தெரிந்தது? 1889-ல் ஜெர்மனிக்காரர்கள் வசமிருந்த ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்று இரண்டு டாக்டர்கள் ஒரு நாயின் கணையத்தை அறுத்து எடுத்தார்கள். அந்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. 1921-ல் கனடாவில் டொரண்டோவில் பேன்டிங்கும் பெஸ்டும் நாய்களை அறுத்து, நாய்களின் கணையச் சாற்றை எடுத்து, கணையம் போன நாய்களுக்கே ஏற்றித்தான் இன்சுலினைக் கண்டார்கள். அடுத்த ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். பாவ்லவ் என்ற ரஷ்யாக்காரருக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்ததும் நாய்களின் வயிற்றில் ஓட்டை போட்டு, செரிமானம் எப்படி நடக்கிறது என்று பார்த்ததற்காகத்தான். நாயின் இரைப்பையில் ஊறிய நீரைப் பாட்டிலில் அடைத்து மனிதர்களின் அஜீரணத்துக்கு மருந்தாக விற்றிருக்கிறார்கள். மகள் பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறாள், அவள் இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்துச் சொன்னாள். நம் வயிறு எப்படி வேலை செய்கிறது என்று நாயைக் கிழித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். நாயின் வயிறு ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு நாயைப் பார்க்க நமக்கு நேரம் இல்லை. அப்படித்தானே சார்?

இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்கு முன்னால் வாய் வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

விற்றவனுக்குப் போன் போட்டேன். "நாய் செத்ததுக்கு நான் என்னங்க்கா பண்றது? நீங்க சாப்பாடு ஒழுங்கா போட்டிருக்க மாட்டீங்க." அவனும் அதையே சொன்னான். பரம்பரை நோய், அந்த ஜோடியை நிறுத்திவிடு, உன் காலில் விழுகிறேன் என்றேன். வைத்துவிட்டான். அடுத்த மாதம் அவன் ஸ்டேட்டஸில் படம் வந்தது. கூடை நிறைய குட்டிகள். அதே அப்பன், அதே ஆத்தா. கீழே, "புக்கிங் ஓப்பன்".

தம்பி, நீயும் பிள்ளைகுட்டிக்காரன் என்று கேள்விப்பட்டேன். உன்னிடம் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தப் பெட்டையை விட்டுவிடு, அவ்வளவுதான் கேட்கிறேன்.

அந்தக் கூடையிலிருந்து ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். இப்போது துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும். ஒரு வயதுக்கு அப்புறம், நன்றாகத் தின்றுகொண்டே இளைத்தால், மலம் வெளுத்துக் குவியலாகப் போனால், மெட்ரோனிடசோல் கொடுத்த நாளில் மட்டும் கட்டினால், வேறு யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். டி.எல்.ஐ. டெஸ்ட் எடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். பி12-ம் பார்க்கச் சொல்லுங்கள். பொடி வாங்க முடியாவிட்டால் மாட்டுக்கறிக் கடைக்குப் போங்கள். சுவரொட்டி இல்லை, கணையம் என்று சொல்லுங்கள், படம் காட்டுங்கள். வேகவைக்காதீர்கள். வண்டியில் ஏற்றி வெள்ளக்கோயில் காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள், அங்கே என் மாமன் ஆடு வைத்திருக்கிறார். எங்கள் வீதியில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், ஜூலியைப் பற்றி இனி பேசும்போது அதற்கு நோய் இருந்தது என்று சொல்லுங்கள். அது போதும்.